சுவர் விரிசலில் ஒரு செடி

ஓய்வு பெற்ற மறுவாரமே என் கணவர் நடைக்கென்று ஒரு ஷூ வாங்கிவந்தார். அது ஒவ்வோர் அடிக்கும் 'கீச்' என்றது. வெளிச்சம் சரியாக வராத விடியலில், தூங்கிக்கொண்டிருந்த தெருவில், யாரோ எலியை மிதித்துக்கொண்டே என் பின்னால் வருவதுபோல் இருந்தது.

"புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும். பழகினா சரியாயிடும்."

"எப்போ பழகும்?"

"ஏன், உன் செடிங்க தூக்கம் கெட்டுடுமா?"

நான் சிரித்தேன். சிரித்துவைத்தேன் என்பதுதான் சரி. பக்கத்தில் ஒருவர் நடந்தால் அவர் சொல்வதற்கெல்லாம் முகத்தில் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அப்படி ஒரு வேலை எனக்கு அதுவரை இருந்ததில்லை.

எங்கள் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே தொடங்கிய பழக்கம் இது. விடிவதற்கு முன் எழுந்து, முகம் கழுவி, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல், ஈரத்துணி, இரண்டு மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள். யார் வீட்டுச் செடியிலும் கை வைக்க மாட்டேன். கழித்துத் தெருவோரம் போட்ட கிளைகள், காற்றில் ஒடிந்து விழுந்தவை, சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் தானாக முளைத்தவை, இவைதான் எனக்கு. ஒரு கணுவை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவேன்.

டப்பாக்கள் எங்கள் லேபில் கிடைப்பவை. நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகில் ஈறு செய்து, பற்களை ஒவ்வொன்றாகப் பதிப்போம். முடிந்ததை வைத்து அனுப்பும் டப்பாக்களில் மூடி உடைந்தவற்றை முதலாளி எனக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் பால்கனியில் இருக்கும் செடிகளில் பாதி, யாருடைய பற்களோ இருந்திருக்க வேண்டிய இடத்தில்தான் வேர் விட்டன.

செடிகளின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயன்றதில்லை. நானே வைத்த பெயர்கள் போதுமாக இருந்தன. காலில் உரசினால் விதைகளை உடையில் ஒட்டி வீடுவரை அனுப்பும் செடி விடாக்கண்டன். தொட்டால் இலை மூடிக்கொள்பவள் ரோஷக்காரி. எந்தப் பூந்தொட்டியிலும் கேட்காமல் வந்து உட்காரும் மஞ்சள் பூ, அழையா விருந்தாளி. டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் ஏறிக் கிடந்த கொடிக்கு மட்டும் என் நாத்தனாரின் பெயரை வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆள் இல்லாத நேரம் என்பதுதான் அதன் ருசி.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் அம்மா இல்லை, மனைவி இல்லை, லேபில் பல் அடுக்குபவளும் இல்லை. எதையும் யோசிக்கக்கூட மாட்டேன். குனிந்து பார்ப்பேன், நிமிர்ந்து நடப்பேன். வீட்டுக்கு வரும்போது ஒரு நாளைத் தாங்கும் அளவுக்கு ஏதோ ஒன்று எனக்குள் நிரம்பியிருக்கும். அது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்போது கீச், கீச்.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் லிஃப்ட் கதவு மூடும் சத்தத்தைத்தான் கேட்பார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோதுகூட, "சத்தம் சரியில்ல, படியிலயே போயிடலாம்" என்று பட்டுப்புடவையும் பரிசுப்பொட்டலமுமாக என்னை ஏழு மாடி ஏற்றியவர். ஒன்றைப் பார்த்தால் அது என்ன, எந்த நிலையில் இருக்கிறது, யார் பொறுப்பு என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் தூக்கம் வராது.

அப்படிப்பட்டவருக்கு எங்கள் பெண் ஒரு ஆப் அனுப்பிவைத்தாள். செடியைப் படம் பிடித்தால் அதுவே பெயர் சொல்லும்.

"அம்மா, அப்பாவுக்கு நல்லா பொழுது போகும். ரெண்டு பேரும் சேர்ந்து போங்க" என்று போனில் சொன்னாள். நல்ல பெண். எல்லோரும் நல்லவர்களாக இருக்கும்போது நம் எரிச்சலை எங்கே கொண்டு வைப்பது என்றுதான் தெரிவதில்லை.

மறுநாளிலிருந்து தெருவே வகுப்பறை ஆகிவிட்டது. ஒவ்வொரு செடிக்கு முன்னும் அவர் நின்றார். முழங்கால் சொடுக்க உட்கார்ந்தார். போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அகா... அகாலிஃபா. குப்பைமேனியாம். நீ எப்படிக் கூப்பிடுவே இதை?"

"நான் கூப்பிடறதில்ல."

"இத்தனை வருஷமா பாக்கறே, பேரு தெரியாதா?"

"அதுக்கு என் பேரு தெரியுமா?"

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு வீட்டு விளக்கு எரிந்தது. விடாக்கண்டன் நாயுருவி ஆனான். அழையா விருந்தாளி வெட்டுக்காயப் பூண்டு ஆனது. என் நாத்தனாருக்கு இரண்டு வரி நீளத்தில் ஒரு பெயர் வந்தது.

தெருவும் அவருடன் பேச ஆரம்பித்தது. மூலை வீட்டில் ஒரு பெண்மணி ஹோஸ் பைப்போடு வாசலில் நிற்பார். அத்தனை வருடத்தில் நானும் அவரும் தலையசைத்துக்கொண்டதோடு சரி. என் கணவர் கூட வர ஆரம்பித்த மூன்றாம் நாளே அவர் பைப்பை ஓரமாகப் போட்டுவிட்டு, "சார், எங்க செம்பருத்தில வெள்ளை வெள்ளையா பூச்சி இருக்கு, அதையும் உங்க போன் சொல்லுமா?" என்று கூப்பிட்டார். இருவரும் அரை மணி நேரம் பூச்சி பார்த்தார்கள். நான் சாலையில் நின்று பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் எழுவதற்கு முன்பே கிளம்பிப் பார்த்தேன். அடுத்த நாள் அதற்கும் முன்பே எழுந்து, ஷூ மாட்டி, சோபாவில் காத்திருந்தார். "நீ எழுப்பலைன்னா நான் தூங்கிடுவேன்னு பயம்" என்றார். கால் வலி என்று ஒரு வாரம் வீட்டில் இருந்தேன். மதிய இடைவேளையில் லேபைச் சுற்றி நடந்து பார்த்தேன். உச்சி வெயில், லாரி, உதிரி பாக விற்பனைக் கடைகள். செடிகள் எல்லாம் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப்போலவே எப்போது முடியும் என்று நின்றன. வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தேன்.

லேபில் எனக்குப் பக்கத்து மேசைக்காரியை எல்லோரும் மெழுகு என்றுதான் கூப்பிடுவோம். எந்த நேரமும் கையில் மெழுகுக் கத்தி.

"மண்டை காயுற வெயில்ல எங்கடி போயிட்டு வர்றே?"

சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க வீட்டு ஆளு டிவி ரிமோட்டை எடுக்கக்கூட என்னை எழுப்புவாரு. உன் ஆளு கூடவே நடந்து வர்றாருன்னு நீ அழுதுக்கிட்டிருக்கே."

"நான் அழல."

"மூஞ்சி அழுதுக்கிட்டுதான் இருக்கு. பாரு, இடது பக்கக் கோரைப்பல்லை வலது பக்கம் வெச்சிருக்கே. யாரோ ஒரு தாத்தா நாளைக்கு வாயைத் திறந்தா ஊரே ஓடும்."

பார்த்தேன். அப்படித்தான் வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் செய்யாத தப்பு. மெழுகைச் சூடாக்கிப் பல்லைப் பிடுங்கினேன். தனியாக நடக்க முடியவில்லை என்பதற்காக ஒருத்திக்குப் பல் இடம் மாறுமா? ஆசைப்படுவதற்கு இது ஒரு விஷயமா? அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, ஊர் சுற்றவில்லை. என்னோடு நடக்க வருகிறார். அதைத் தாங்க முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் அவருக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருந்தது.

இரண்டு தெரு தள்ளி மூடிப்போன அச்சகம் ஒன்று உண்டு. அதன் பக்கச் சுவரில் மேல் வீட்டுக் குழாய் ஒழுகிப் பாசி படிந்திருக்கும். சுவர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு விரிசல். போன மழைக்குப் பிறகு அதில் ஒரு செடி வந்தது. மேலே பார்த்தால் ஒன்றுமில்லை, மங்கலான பச்சை, விரல் நீள இலை. குனிந்து இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் ஈறின் நிறம். உயிருள்ள ஈறின் நிறம். லேபில் எத்தனை கலவை கலந்தாலும் எங்களுக்கு வராத நிறம். அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. கணு வெட்டவில்லை. டப்பாவை வெளியே எடுக்கக்கூட இல்லை. தினமும் போய்ப் பார்ப்பதற்கு ஒன்று வேண்டும், வீட்டில் வளராத ஒன்று, அவ்வளவுதான். அது பூக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூட வர ஆரம்பித்த பிறகு அங்கே நிற்பதை விட்டேன். கண்ணால் மட்டும் தொட்டுவிட்டு நடந்துவிடுவேன்.

ஒரு நாள் சுவரைத் தாண்டிச் சில அடி போனதும் அவர் நின்றார்.

"இந்த இடத்துல நீ வேகத்தைக் குறைக்கறே."

"இல்லையே."

"தினமும் குறைக்கறே. லிஃப்ட் இப்படித்தான். நிக்கப் போற மாடி வர்றதுக்கு முன்னாடி லேசா மெதுவாகும். ஏறி நிக்கறவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்." திரும்பிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். "அட, இது என்ன?"

படம் எடுத்தார். ஆப் ஒரு பெயர் சொன்னது. இன்னொரு பக்கமிருந்து எடுத்தார், வேறு பெயர். இலையைத் திருப்பி எடுத்தார், மூன்றாவதாக ஒன்று. அடியில் சின்ன எழுத்தில், பூவின் படம் இருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று வந்தது.

அன்றிலிருந்து எங்கள் நடை அந்தச் சுவரில் போய்த்தான் நின்றது. அவர் டார்ச் கொண்டுவந்தார், அளவு நாடா கொண்டுவந்தார். "கையெழுத்துப் போட முடியாம ஃபைல் நிக்கற மாதிரி இருக்கு" என்று சாப்பிடும்போது சொன்னார். "உனக்கு அது என்னன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ வாய் திறந்து கேக்க மாட்டே."

"எனக்கு ஆசை இல்லீங்க."

"இருக்கு. உன் நடையில தெரியுதே."

இத்தனை வருடக் குடும்பத்தில் என் நடையை அவர் அவ்வளவு கூர்ந்து பார்த்தது அப்போதுதான். அதற்காக மனம் இளகியிருக்க வேண்டும். இளகவும் செய்தது. அதே நொடியில் அவரைவிட்டு ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன, ஒன்றை எடுத்தால் மற்றதும் கையோடு வந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவர் படுக்கையிலிருந்தே சொன்னார். "இன்னிக்கு நீ மட்டும் போயிட்டு வா. எனக்கு வீட்ல ஒரு வேலை இருக்கு."

காரணம்கூடக் கேட்கவில்லை நான். படிகளில் இறங்கும்போது ஒரே ஜோடிச் செருப்பின் சத்தம் மட்டும் கேட்டது. தெருமுனை வரை கிட்டத்தட்ட ஓடினேன். ஆனால் என்ன ஆகிவிட்டதோ, எதிலும் நிற்க முடியவில்லை. ரோஷக்காரியைத் தொட்டுவிட்டு அவள் மூடிக்கொள்ளும்வரை பார்க்காமல் நகர்ந்தேன். யாரோ செம்பருத்தியைக் கழித்துக் குவித்திருந்தார்கள், அதையும் தாண்டிப் போனேன். கிடைத்த நேரத்தை எங்கே செலவழிப்பது என்று தெரியாமல், எல்லாவற்றையும் அந்தச் சுவருக்காகச் சேர்த்துவைத்துக்கொண்டு நடந்தேன். அங்கே போய் உட்காருவேன். அவர் இல்லாமல், டார்ச் இல்லாமல், கொஞ்ச நேரம் சும்மா உட்காருவேன்.

சுவரில் விரிசல் இல்லை. உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரக் குழி இருந்தது.

உளியால் எடுத்திருந்தார்கள். ஓரங்கள் நேராக இருந்தன. ஒரு செங்கல்லில் பாதி போயிருந்தது. குழிக்குக் கீழே சிமெண்டுத் தூளைக் கூட்டி, நடப்பவர் காலில் படாதபடி சுவரோரமாக ஒதுக்கியிருந்தது. பிடுங்கிப் போகிறவர் யாரும் கூட்டிவிட்டுப் போவதில்லை. வேலை முடிந்த இடத்தைக் கூட்டாமல் நகராத ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. அவர் பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு, குளித்து, தலை சீவி நின்றிருந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு வா."

"ஏங்க..."

"சரி, மூட வேண்டாம். வா."

புது மண்தொட்டி, பெரியது. சலித்த மண். நடுவில் அந்த அரைச் செங்கல்லோடு செடி. தண்டில் ஒரு சிறு அட்டை கட்டி நட்ட தேதியை எழுதியிருந்தார், லிஃப்டுக்குள் மாட்டுவதுபோல. இலைகள் எல்லாம் புரண்டு, ஈறு நிறம் வெளியே தெரியத் தொங்கின.

"நேத்து நீ லேபுக்குப் போனதும் போயி எடுத்தேன். ராத்திரி மொட்டை மாடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். வேர் அறுபடாம எடுக்கத்தான் நேரமாச்சு. செங்கல்லோட பேர்த்தேன் பாரு." உளி பட்டுக் கட்டைவிரலில் பிளாஸ்திரி போட்டிருந்தார். "உரம் போட்டிருக்கேன். இனிமே சீக்கிரம் பூத்துடும். பேரு தெரிஞ்சுடும். வாடியிருக்கு, எழுந்துக்கும்."

தொங்கிய ஓர் இலையை விரலால் தூக்கிப் பிடித்தேன்.

"பிடிக்கலையா?"

"அது அங்கேயே நல்லா இருந்துச்சு."

"அங்க யாராவது பிடுங்கிப் போட்டிருப்பாங்க."

"போட்டிருக்கட்டும்."

அவர் முகம் மாறியது. கோபம் இல்லை. சரியாக வேலை செய்துவிட்டு எங்கே பிசகியது என்று தேடும் முகம். அதைப் பார்க்கச் சகிக்காமல் சமையலறைக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன். கை கழுவினேன். பின்னாலேயே வந்து கதவருகே நின்றார்.

"செடியைத் திரும்பக் கொண்டுபோய் வெச்சிடவா? கொஞ்சம் சிமெண்டு போட்டா நிக்கும்."

"செடி இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

எத்தனையோ நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். அதற்கு முன்னும் பின்னும் நிறையச் சமாதானங்கள் சேர்த்து வைத்திருந்தேன். அவை எதுவும் வரவில்லை, வாக்கியம் மட்டும் வந்தது.

"காலையில நான் தனியா நடக்கணும்."

"இன்னிக்கு நடந்தியே."

"தினமும்."

குழாய் ஒழுங்காக மூடவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு வழக்கமாக அது பொறுக்காது. அன்றைக்கு மூட வரவில்லை.

"நான் ஏதாவது தப்பு பண்ணேனா?"

"இல்ல."

"சத்தமா பேசறேனா? பேசாம வர்றேன். ஷூ கூட மாத்திடறேன்."

"நீங்க பேசாம வந்தாலும் நீங்க வர்றீங்க."

சொன்ன பிறகு அது எவ்வளவு கொடுமையாக ஒலிக்கிறது என்று உறைத்தது. திரும்ப எடுக்க நினைத்தேன். எடுத்தால் அதோடு எல்லாம் போய்விடும் என்றும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பது அந்தக் காலையில் நான் செய்த கஷ்டமான வேலை. எதிரில் ஒருவர் வருத்தப்பட்டால் உடனே எதையாவது சொல்லி ஆற்றிவிடுவது என் கைப்பழக்கம். மெழுகு வழிந்தால் விரலால் தடவுவதுபோல, யோசிக்காமல் கை போய்விடும்.

அவர் "சரி" என்றார். சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் தூக்கித் தூக்கி ஒட்டினார்.

"அந்த ஒரு மணி நேரம் நான் என்ன பண்றது?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவர் எந்த டிராயரில் இருக்கிறது என்று கேட்பாரே, அதே குரல். எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. பதில்கள் என் நாக்குவரை வந்தன. பேப்பர் படிங்க. மொட்டை மாடியில நடங்க. பொண்ணுக்குப் போன் பண்ணுங்க. இத்தனை வருடமாக அவருடைய சாக்ஸ் எங்கே என்பதிலிருந்து, அவர் தம்பியிடம் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்பதுவரை நான்தான் சொல்லியிருக்கிறேன். இதையும் சொல்லிவிட்டால், தெருவில் நடந்துகொண்டே வீட்டில் அவருடைய நேரத்தையும் நான்தான் நடத்திக்கொண்டிருப்பேன்.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் கேள்வியைத் தன்னிடமே எடுத்துக்கொண்டவர்போலத் தலையை மெதுவாக ஆட்டினார்.

மறுநாள் விடியலில் எழுந்தபோது அவர் விழித்திருந்தார். மூச்சிலேயே தெரிந்தது. தூங்குவதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எனக்காகத்தான் அந்த நடிப்பு என்பது உறுத்தியது. கட்டிலருகே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லலாமா என்றிருந்தது. சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.

மூலை வீட்டுப் பெண்மணி பைப்போடு நின்றார். "சார் வரலையா?"

"இல்ல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கார்."

மிச்சத்தைக் கேட்கத் தயாராக அவர் பைப்பைத் தாழ்த்தினார். தண்ணீர் சாலையில் ஓடி என் கால்வரை வந்தது. நான் நகர்ந்தேன்.

அச்சகத்தின் பக்கம் போகவில்லை. வழக்கமாகத் திரும்பும் இடத்திலும் திரும்பவில்லை. கார் ஷெட்டைத் தாண்டி, இதுவரை வராத ஒரு தெரு. நேரம் முழுக்க என்னுடையது. ஆனால் அது கைக்கு அடங்கவில்லை. இப்போது எழுந்திருப்பாரா, பால்கனியில் நிற்கிறாரா, டீ போட்டுக்கொள்ளத் தெரியுமா என்று ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. விலக்கினால் விலகி, பக்கவாட்டில் கூடவே நடந்தன. பத்தடி வேகமாகப் போவேன், பத்தடி மெதுவாக. தனியாக நடப்பது மறந்துபோய்விட்டதோ என்று பயமாக இருந்தது.

ஒரு கழிவுநீர்த் தொட்டியின் சிமெண்டு மூடிக்குப் பக்கத்தில் ஒரு நாற்று இருந்தது. இரண்டே இலை. ஒன்றின் நுனியில் விதைத் தோல் இன்னும் தொப்பிபோல ஒட்டியிருந்தது. உட்கார்ந்தேன். என்ன செடி என்று தெரியவில்லை. என் கை பைக்குள் போய்ப் போனைத் தேடியது, அவரைக் கூப்பிட்டுக் கேட்க.

விரல்கள் அதன்மேல் பட்டு நின்றன. சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு கையை வெறுமனே வெளியே எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டேன். கால் மரத்துப்போயிற்று. அதை மாற்றி வைத்துக்கொண்டு, எழாமல், அந்த இரண்டு இலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.